1975-க்கு அப்புறம் கர்ட்டிஸ் மேஃபீல்ட்

கேள்வி இது: அமெரிக்கப் பாடகர் கர்ட்டிஸ் மேஃபீல்டின் ஆரம்ப ஆல்பங்களைக் கேட்டு முடித்தாகிவிட்டது, ‘சூப்பர் ஃப்ளை’ கிட்டத்தட்ட மனப்பாடம். அதற்குப் பின்னால் 1996 வரை வரிசையாக ஆல்பங்கள் இருக்கின்றன. ஆனால் யாரைக் கேட்டாலும் 1975-உடன் நிறுத்திக்கொள், மிச்சமெல்லாம் டிஸ்கோ என்கிறார்கள். அது உண்மையா?

பாதி உண்மை. 1978, 1979 வருடங்களைப் பற்றி அவர்கள் சொல்வது ஏறக்குறைய சரிதான். ஆனால் அந்த இரண்டு வருடத்தைக் காட்டி இருபது வருட வேலையைத் தள்ளிவைத்துவிட்டார்கள் என்பது என் வருத்தம். நானும் நெடுநாள் அப்படித்தான் தள்ளிவைத்திருந்தேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மேஃபீல்டை இப்போதுதான் கேட்க ஆரம்பிப்பவர்களுக்காக முதலில் சுருக்கமாக. 1942-இல் சிகாகோவில் பிறந்தவர். கேப்ரினி-கிரீன் என்ற அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவர். பாட்டி நடத்திய சிறிய தேவாலயத்தில் பாடிப் பழகியவர். கிட்டார் அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பியானோவின் கறுப்புக் கட்டைகளுக்கு ஏற்றபடி கிட்டார் கம்பிகளைச் சுருதி சேர்த்துக்கொண்டார். வாழ்நாள் முழுக்க அந்தச் சுருதியில்தான் வாசித்தார். அவருடைய கிட்டார் வேறு யாருடையது போலவும் ஒலிக்காததற்கு இதுதான் காரணம். இம்ப்ரெஷன்ஸ் குழுவில் இருந்தபோது எழுதிய ‘பீப்பிள் கெட் ரெடி’ (1965) கறுப்பின உரிமைப் போராட்டத்தின் பாடல்களில் ஒன்றானது. 1968-இல் கர்ட்டம் என்று சொந்தமாக ஒரு இசைத்தட்டு நிறுவனம் தொடங்கினார். அந்தக் காலத்தில் ஒரு கறுப்பினப் பாடகர் தன் பாடல்களின் உரிமையைத் தன் கையிலேயே வைத்துக்கொள்வது அபூர்வம். 1970-இல் குழுவை விட்டுத் தனியாக வந்தார். 1972-இல் ‘சூப்பர் ஃப்ளை’ என்ற படத்துக்கு அவர் செய்த பாடல்களின் ஆல்பம் வந்து அமெரிக்க ஆல்பம் பட்டியலில் நான்கு வாரம் முதலிடத்தில் இருந்தது.

சிக்கல் அந்த வெற்றியில்தான் ஆரம்பிக்கிறது. அந்தப் படம் ஒரு கொக்கைன் வியாபாரியைக் கதாநாயகனாகக் காட்டியது. மேஃபீல்டின் பாடல்களோ படத்தோடு வாதாடின. படம் வியாபாரியின் காரையும் கோட்டையும் காட்டும்போது, பாட்டு ஃப்ரெடி என்ற எடுபிடி செத்துப்போனதைச் சொல்லும். திரைப்பட இசையில் இப்படி ஒரு காரியம் அதற்கு முன்னால் அதிகம் நடந்ததில்லை. அதனால் விமர்சகர்களின் மனதில் அவர் தெருவின் மனசாட்சியாகவே பதிந்துபோனார். அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு ஆல்பத்தையும் அந்த ஒரே தராசில்தான் நிறுத்தார்கள். சமூகப் பாட்டு இருக்கிறதா? இல்லையா, அப்போது தேய்ந்துவிட்டார்.

இம்ப்ரெஷன்ஸ் காலத்திலிருந்தே அவருடைய பாட்டில் பாதி காதல் பாட்டு. ‘ஐ’ம் சோ ப்ரவுட்’, ‘த மேக்கிங்ஸ் ஆஃப் யூ’ எல்லாம் அவர் எழுதியவையே. அவருடைய குரலே கூட்டத்தைப் பார்த்து முழங்கும் குரல் இல்லை. நம் ஊரில் கள்ளக்குரல் என்பார்களே, அந்த உயரமான மெல்லிய குரல். பக்கத்தில் உட்கார்ந்து காதோரம் பேசுவது போல இருக்கும். ஒரு கலவரத்தைப் பற்றிப் பாடினாலும் அப்படித்தான், ஒரு கல்யாணத்தைப் பற்றிப் பாடினாலும் அப்படித்தான். பிற்கால ஆல்பங்களைக் கேட்கும்போது இதை நினைவில் வைத்துக்கொண்டால் பாதித் தவறான எதிர்பார்ப்பு விலகிவிடும்.

சரி, 1975-இல் வந்த ‘தேர்ஸ் நோ ப்ளேஸ் லைக் அமெரிக்கா டுடே’யிலிருந்து தொடங்குவோம். இதைச் சிலர் பொற்காலத்தின் கடைசி என்கிறார்கள், சிலர் சரிவின் தொடக்கம் என்கிறார்கள். என் கணக்கில் இதுதான் அவருடைய மிகச் சிறந்த ஆல்பம், ‘சூப்பர் ஃப்ளை’யையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அட்டைப்படத்தை முதலில் பாருங்கள். 1937-இல் ஒஹையோ நதி வெள்ளத்துக்குப் பிறகு லூயிவில் நகரில் மார்கரெட் போர்க்-வைட் எடுத்த புகழ்பெற்ற புகைப்படத்தைத் தழுவி வரைந்தது அது. நிவாரணத்துக்காகக் கறுப்பின மக்கள் கையில் பையோடும் வாளியோடும் வரிசையில் நிற்கிறார்கள். அவர்கள் தலைக்கு மேலே ஒரு விளம்பரப் பலகை, அதில் காரில் சிரித்துக்கொண்டே போகும் வெள்ளைக் குடும்பம், உலகிலேயே உயர்ந்த வாழ்க்கைத் தரம் என்ற பெருமைப் பேச்சு. 1937-இன் படத்தை எடுத்து 1975-இல் இன்றைய அமெரிக்கா என்று தலைப்புப் போட்டால் சொல்ல வந்தது சொல்லியாகிவிட்டது. உள்ளே அவர் கத்த வேண்டியதே இல்லை. கத்தவும் இல்லை.

மொத்தம் ஏழு பாட்டு. முதல் பாட்டு ‘பில்லி ஜாக்’, துப்பாக்கிச் சூட்டில் செத்துப்போன ஒருவனைப் பற்றியது. ‘சூப்பர் ஃப்ளை’யின் ‘ஃப்ரெடிஸ் டெட்’ பாட்டில் வயலின்களும் குழல்களும் சேர்ந்து ஓடும், ஒரு திரைப்பட வேகம் இருக்கும். இங்கே அதெல்லாம் உரிந்துவிட்டது. லக்கி ஸ்காட்டின் பேஸ் கிட்டார் நடந்து வருகிறது, இன்னொரு கிட்டார் ஒலியை வளைக்கும் வா-வா மிதியில் முனகுகிறது, டிரம்ஸ் அடிக்கும் இடத்தைவிட அடிக்காமல் விடும் இடம் அதிகம். பக்கத்து வீட்டில் ஒரு சாவு நடந்தால் தெருவில் பேச்சு எப்படித் தாழ்ந்துபோகுமோ அந்தச் சுருதியில் அவர் பாடுகிறார். செய்தி கேட்டு அதிர்ச்சி அடைகிறவரின் குரல் இல்லை இது. இப்படி எத்தனையோ பார்த்துவிட்டவரின் குரல்.

‘ஹார்ட் டைம்ஸ்’ பாட்டை அவர் ஏற்கெனவே பேபி ஹ்யூவி என்ற பாடகருக்காக எழுதியிருந்தார். ஹ்யூவி 1970-இல் இளம் வயதிலேயே இறந்துபோக, அடுத்த வருடம் அவருடைய ஆல்பம் வந்தது. அதில் இந்தப் பாட்டு ஆவேசமாக, குழல்களோடு பாய்ந்து வரும். மேஃபீல்ட் தானே பாடியபோது அதன் வேகத்தைத் தணித்துவிட்டார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். ஒன்றில் கஷ்டகாலத்தின் மேல் கோபம் இருக்கிறது, இன்னொன்றில் கஷ்டகாலத்துக்குள்ளேயே குடியிருக்கிறார். 2010-இல் ஜான் லெஜண்டும் ரூட்ஸ் குழுவும் இதைத் திரும்பப் பாடினார்கள். இப்போது இந்தப் பாட்டைத் தெரிந்தவர்கள் அதிகம், இந்த ஆல்பத்தைத் தெரிந்தவர்கள் அந்த அளவுக்கு இல்லை. நடுவில் ‘ஜீஸஸ்’ என்று ஒரு மெதுவான பாட்டு, ‘சோ இன் லவ்’ என்று ஒரு காதல் பாட்டு. இவை ஆல்பத்தின் கருத்துக்கு ஒட்டவில்லை என்று குறை சொன்னவர்கள் உண்டு. எனக்கு அவை இல்லாவிட்டால்தான் ஆல்பம் நம்பும்படியாக இருக்காது என்று தோன்றும். வேலை போன வீட்டிலும் யாரோ யாரையோ நேசிக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறார்கள்.

அடுத்து வரும் விஷயத்தைத் தேய்மானம் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கணக்கிலேயே எடுப்பதில்லை. 1974 முதல் 1977 வரை நான்கு வருடத்தில் மேஃபீல்ட் தன் பெயரில் ஆறு ஆல்பம் போட்டார். அதே நான்கு வருடத்தில் வேறு குரல்களுக்காக நான்கு படங்களின் பாடல்களை எழுதித் தயாரித்தார். கிளாடிஸ் நைட்டும் பிப்ஸும் பாடிய ‘கிளாடின்’ (1974), ஸ்டேப்பிள் சிங்கர்ஸ் பாடிய ‘லெட்ஸ் டூ இட் அகெய்ன்’ (1975), அரீதா ஃப்ராங்க்ளின் பாடிய ‘ஸ்பார்க்கிள்’ (1976), மேவிஸ் ஸ்டேப்பிள்ஸ் பாடிய ‘எ பீஸ் ஆஃப் த ஆக்‌ஷன்’ (1977). ‘லெட்ஸ் டூ இட் அகெய்ன்’ அமெரிக்காவின் முதலிடத்துக்குப் போனது. அது படுக்கையறை வாசனை அடிக்கும் பாட்டு. தேவாலயத்திலிருந்து வந்தவரான, ஸ்டேப்பிள் சிங்கர்ஸ் குழுவின் தலைவர் பாப்ஸ் ஸ்டேப்பிள்ஸ் முதலில் பாடத் தயங்கினார், மேஃபீல்ட்தான் பேசிச் சம்மதிக்க வைத்தார்.

‘ஸ்பார்க்கிள்’ இன்னும் பெரிய விஷயம். எழுபதுகளின் நடுவில் அரீதாவின் ஆல்பங்கள் சரியாகப் போகவில்லை. அந்த நேரத்தில் மேஃபீல்ட் எழுதிக் கொடுத்த ‘சம்திங் ஹீ கேன் ஃபீல்’ அவரை மறுபடி ஆர் அண்ட் பி என்ற கறுப்பின இசைப் பட்டியலின் உச்சிக்குக் கொண்டுவந்தது. 1992-இல் என் வோக் குழு அதைத் திரும்பப் பாடி இன்னொரு தலைமுறைக்கும் கொண்டுபோனது.

ஆக, 1976-இல் மேஃபீல்டின் சொந்த ஆல்பமான ‘கிவ், கெட், டேக் அண்ட் ஹேவ்’ மெலிந்து தெரிகிறது என்றால், ஊற்று வற்றிப்போனது காரணம் இல்லை, நல்ல தண்ணீர் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. நான்கு வருடத்தில் பத்து ஆல்பத்துக்குப் பாட்டு எழுதுகிறார், நிறுவனத்தையும் நடத்துகிறார். சொந்த ஆல்பத்துக்கு மிச்சம் மீதிதான் கிடைக்கும். அவருடைய பிற்காலத்தை மதிப்பிட வேண்டுமானால் அரீதாவும் கிளாடிஸும் பாடியவற்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் மதிப்பிட வேண்டும். ‘ஸ்பார்க்கிள்’ ஒரு மேஃபீல்ட் ஆல்பம்தான், குரல் மட்டும்தான் இன்னொருவருடையது.

1977-இல் வந்த ‘நெவர் சே யூ கான்’ட் சர்வைவ்’ என் கருத்தில் எல்லோராலும் கைவிடப்பட்ட நல்ல ஆல்பம். கிட்டத்தட்ட முழுக்க வீட்டுக்குள் நடக்கும் காதல் பாட்டுகள். கடைசிப் பாட்டாக ‘ஸ்பார்க்கிள்’ படத்தின் தலைப்புப் பாட்டைத் தானே பாடியிருக்கிறார். அரீதா பாடியதில் அந்த மெட்டு மலை ஏறும், அவர் எங்கே நிறுத்துவார் என்று தெரியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்போம். மேஃபீல்ட் அதே மெட்டை ஏறாமலேயே பாடுகிறார். ஒரு சொல்லை முடிப்பதற்கு முன்னாலேயே குரல் கரைந்துபோகிறது. எது மேல் என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன், ஆனால் பாட்டை எழுதியவர் அதை எங்கேயிருந்து கேட்டார் என்று தெரிந்துகொள்ள இந்த வடிவம் வேண்டும்.

அதே வருடம் ‘ஷார்ட் ஐஸ்’ என்ற சிறைப் படத்துக்கும் இசையமைத்து, அதில் ஒரு கைதியாகத் தலைகாட்டவும் செய்தார். அதிலிருக்கும் ‘டூ டூ வாப் இஸ் ஸ்ட்ராங் இன் ஹியர்’ பழைய வேகம் அப்படியே இருக்கும் பாட்டு. தெருப் பாட்டு எழுதுவதை மறந்துவிட்டார் என்பவர்களுக்கு அந்த ஒரு பாட்டு போதும்.

இனி அவர்கள் சொல்வது சரி என்று நான் ஒப்புக்கொள்ளும் இடம். 1978-இன் ‘டூ இட் ஆல் நைட்’, 1979-இன் ‘ஹார்ட்பீட்’. நாடு முழுக்க டிஸ்கோ. கர்ட்டம் நிறுவனத்திலேயே லிண்டா கிளிஃபர்ட் டிஸ்கோ பாடி நன்றாக விற்றுக்கொண்டிருந்தார். முதலாளியும் அதே பாதையில் இறங்கியது புரிந்துகொள்ளக்கூடியதுதான். ஆனால் அது ஏன் அவருக்குப் பொருந்தவில்லை என்பதற்கு இசையிலேயே காரணம் இருக்கிறது. மேஃபீல்டின் பாட்டு இடைவெளியால் ஆனது. கொங்கா மேளம் ஒரு பக்கம் பேசும், பேஸ் இன்னொரு பக்கம் பதில் சொல்லும், நடுவில் விடும் காலியிடத்தில் அந்த மெல்லிய குரல் வந்து உட்காரும். டிஸ்கோ ஒவ்வொரு தட்டிலும் பெரிய டிரம்மை மிதிக்கிறது, இடைவெளி என்ற பேச்சுக்கே இடமில்லை. அதற்கு மேலே நின்று பாட உரத்த குரல் வேண்டும், தேவாலயத்தின் கடைசி வரிசைவரை எட்டுகிற குரல். இவரிடம் இருந்தது அது இல்லை. ‘டூ இட் ஆல் நைட்’ ஆறு பாட்டில் அவரை நீங்கள் தேடிக்கொண்டே இருக்க வேண்டும். அதைத் தாராளமாக விட்டுவிடலாம்.

‘ஹார்ட்பீட்’ அந்த அளவுக்கு மோசமில்லை. நார்மன் ஹாரிஸ், பன்னி சிக்லர் போன்ற ஃபிலடெல்ஃபியாக்காரர்களை வைத்து ஒரு பகுதியைத் தயாரித்தார், அதனால் ஆல்பம் ஒட்டுப்போட்டது போல இருக்கிறது. ஆனாலும் அதிலிருக்கும் ‘யூ’ர் சோ குட் டு மீ’ பாட்டைத் தனியாக எடுத்துக் கேளுங்கள். கேட்டவுடன் எங்கேயோ கேட்டது போல இருந்தால் ஆச்சரியமில்லை, 1994-இல் பாடகி மேரி ஜே. பிளைஜின் ‘பீ ஹேப்பி’ இதன் மேல்தான் கட்டப்பட்டது. விமர்சகர்கள் மூடிவைத்த ஆல்பத்தை ஹிப்-ஹாப் தயாரிப்பாளர்கள் திறந்து பார்த்திருக்கிறார்கள்.

1980-இன் ‘சம்திங் டு பிலீவ் இன்’னில் மூச்சுத் திரும்புகிறது. ‘ட்ரிப்பிங் அவுட்’ என்ற பாட்டு நடன வேகத்தில்தான் இருக்கிறது, ஆனால் இந்தத் தடவை தாளம் குரலுக்கு வழிவிடுகிறது. அவருடைய சொந்தக் கிட்டாரின் கொஞ்சல் மறுபடி முன்னால் வந்திருக்கிறது. இரண்டு வருடம் தவறான சட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் அதே துணியில் தன் அளவுக்குத் தைத்துக்கொண்டது போல. இம்ப்ரெஷன்ஸ் காலத்து ‘இட்ஸ் ஆல்ரைட்’டையும் இதில் திரும்பப் பாடியிருக்கிறார். முதலில் வந்த 1963 வடிவத்தில் மூன்று பேர் மாறி மாறிப் பாடுவார்கள். இது அந்த அளவுக்கு இல்லை, ஆனால் சந்தோஷமான பாட்டு.

அதற்கப்புறம் கர்ட்டம் மூடப்பட்டது, அவர் அட்லாண்டாவில் குடியேறினார். போர்டுவாக் நிறுவனத்துக்காக இரண்டு ஆல்பம். முதலில் வந்த ‘லவ் இஸ் த ப்ளேஸ்’ கொஞ்சம் அதிகமாகவே வழவழப்பாக்கப்பட்டது, ‘ஷீ டோன்ட் லெட் நோபடி’ ஒன்றுக்காக வைத்துக்கொள்ளலாம். 1983-இன் ‘ஹானஸ்டி’ அதைவிட எவ்வளவோ மேல். சிந்தசைசர் வந்துவிட்ட காலம், ஆனால் அவர் அதற்கு அடிமையாகவில்லை. ‘டர்ட்டி லாண்ட்ரி’ ஒரு மெதுவான பாட்டு, நாற்பது வயதுக்காரர் எழுதக்கூடியது. இருபத்தெட்டு வயதில் ‘மூவ் ஆன் அப்’ எழுதியவரால் அப்போது இதை எழுதியிருக்க முடியாது. ஆனால் போர்டுவாக்கைத் தொடங்கிய நீல் போகார்ட் 1982-இலேயே இறந்துவிட்டார், அவருக்குப் பின் நிறுவனமும் நிலைக்கவில்லை. ‘ஹானஸ்டி’ வந்த சுவடே தெரியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு ஆல்பம் விற்காமல் போவதற்கும் அது நன்றாக இல்லாததற்கும் தொடர்பு இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

1985-இன் ‘வீ கம் இன் பீஸ்’, 1990-இன் ‘டேக் இட் டு த ஸ்ட்ரீட்ஸ்’ இரண்டையும் ஒருமுறை கேட்டால் போதும். அந்தக் காலத்து எலெக்ட்ரானிக் டிரம்ஸ் அவருக்குப் பெரிய கெடுதல் செய்துவிட்டது. ஆனால் மேடையில் அப்போதும் அவர் நன்றாகவே இருந்தார். ஐரோப்பாவில் சிறிய குழுவோடு சுற்றிக்கொண்டிருந்தார், பிரிட்டனில் அவரைக் கொண்டாடும் இளைய கூட்டம் ஒன்று இருந்தது. 1987-இல் ப்ளோ மங்கீஸ் என்ற பிரிட்டிஷ் குழுவோடு அப்போதைய பிரதமர் தாட்சருக்கு எதிராக ஒரு பாட்டுப் பாடி, தேர்தல் முடியும்வரை பிபிசி அதை ஒலிபரப்பாமல் நிறுத்திவைத்த கதையும் உண்டு. எண்பதுகளில் அரசியலை விட்டுவிட்டார் என்று சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

1990 ஆகஸ்ட் 13. நியூயார்க்கின் புரூக்ளினில் விங்கேட் ஃபீல்ட் என்ற திறந்தவெளியில் கச்சேரி. அவர் மேடையில் கால் வைத்த நேரத்தில் பலத்த காற்று அடித்து, விளக்குகள் மாட்டியிருந்த சாரம் அவர் மேல் விழுந்தது. கழுத்துக்குக் கீழே உடம்பு செயலற்றுப்போனது. கறுப்புக் கட்டைச் சுருதியில் சேர்த்த அந்தக் கிட்டாரை அவர் அதற்கப்புறம் தொடவே முடியவில்லை.

ஆறு வருடம் கழித்து ‘நியூ வேர்ல்ட் ஆர்டர்’. அவரால் உட்கார்ந்தபடி பாட முடியவில்லை, மூச்சு போதவில்லை. மல்லாந்து படுத்துக்கொண்டால் நுரையீரலுக்குக் கொஞ்சம் காற்று அதிகம் கிடைத்தது. அப்படிப் படுத்தபடி ஒரு தடவைக்கு ஒரு வரி பாடி, ஓய்வெடுத்து, அடுத்த வரி பாடி, அதையெல்லாம் கோத்துத்தான் முழு ஆல்பமும் உருவானது. இந்தக் கதை தெரிந்ததால் இரக்கப்பட்டுப் பாராட்டுகிறோமோ என்ற சந்தேகம் எனக்கும் இருந்தது. அதனால்தான் சொல்கிறேன், இதில் குறைகள் இருக்கின்றன. பல தயாரிப்பாளர்கள் கை வைத்ததால் பாட்டுக்குப் பாட்டு நிறம் மாறுகிறது. நடுவில் இரண்டு மூன்று காதல் பாட்டுகள் தொண்ணூறுகளின் வானொலியில் ஓடிய எந்தப் பாட்டோடும் கலந்துவிடும்.

ஆனால் ‘ஹியர் பட் ஐ’ம் கான்’ இருக்கிறதே, அதற்கு இரக்கம் எதுவும் தேவையில்லை. அட்லாண்டாவின் ஆர்கனைஸ்டு நாய்ஸ் என்ற குழு தயாரித்தது. அவுட்காஸ்ட் என்ற ஹிப்-ஹாப் குழுவின் முதல் ஆல்பத்தைச் செய்த அதே இளைஞர்கள். போதையில் தன்னைத் தொலைத்த ஒருவன் தானே பேசுகிறான். 1972-இல் மேஃபீல்ட் ஃப்ரெடியைப் பற்றி வெளியே நின்று பாடினார். இருபத்துநான்கு வருடம் கழித்து ஃப்ரெடியின் உள்ளே போய்விட்டார். குரல் முன்பைவிடத் தாழ்ந்திருக்கிறது, மேல் சுவரங்கள் பல போய்விட்டன, வரியின் முடிவில் காற்றுத் தீர்வது கேட்கிறது. இருந்தும் இல்லாதவன் பாடும் பாட்டுக்கு அந்தக் குரல்தான் வேண்டும். 1970-இன் ‘வீ பீப்பிள் ஹூ ஆர் டார்க்கர் தேன் ப்ளூ’வையும் இதில் திரும்பப் பாடியிருக்கிறார். பழையதில் பாதியில் தாளம் வெடித்துக் கிளம்பும். புதியதில் அந்த வெடிப்பைத் தேடாதீர்கள். ஒவ்வொரு சொல்லையும் அவர் எப்படி எண்ணி எண்ணிச் செலவழிக்கிறார் என்று கேளுங்கள்.

கேட்கும் வரிசை வேண்டுமென்றால் இப்படிச் செய்யுங்கள்: ‘அமெரிக்கா டுடே’, உடனே அரீதாவின் ‘ஸ்பார்க்கிள்’, அப்புறம் ‘நெவர் சே யூ கான்’ட் சர்வைவ்’. கொஞ்ச நாள் விட்டு ‘சம்திங் டு பிலீவ் இன்’, ‘ஹானஸ்டி’. ‘ஹார்ட்பீட்’டில் அந்த ஒரு பாட்டு மட்டும். ‘நியூ வேர்ல்ட் ஆர்டர்’ கடைசியில்.

அதில் ‘பேக் டு லிவிங் அகெய்ன்’ பாட்டை இடையில் நிறுத்திவிடாமல் முடியும்வரை விடுங்கள். தட்டுத் தடுமாறி மறுபடி வாழ ஆரம்பிப்பது பற்றிய பாட்டு. அவர் படுத்தபடி வரி வரியாகப் பாடி முடித்த இடத்தில் ஒரு பெண் குரல் நுழைந்து, விடாதே, போய்க்கொண்டே இரு என்கிற மாதிரி அவரைப் பெயர் சொல்லித் தூண்டுகிறது. அது அரீதா. ‘ஸ்பார்க்கிள்’ வந்து அப்போது இருபது வருடம் ஆகியிருந்தது.